வந்த நிலத்து மீன்

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். தினைப்புனம் காப்பவர் வீசும் கவணின் ஒலிக்கு அஞ்சி, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைக் காட்டு யானை கைவிட்டுவிடுகிறது. விடுபட்ட மூங்கில் விர்ரென்று மேலெழுகிறது. எப்படி எழுகிறது? மீன் பிடிக்கிறவனின் தூண்டில்போல. இந்த ஓர் உவமைக்காகவே இயற்பெயர் மறைந்துபோன அந்தப் புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட காட்டுநாட்டுத் தலைவனோடு என் நலம் அங்கேயே தங்கிவிட்டது, நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்கிறாள் தலைவி. இந்த இடம் வரும்போது வலது கையை மேசைமேல் வளைத்துவைத்துச் சட்டென்று மேலே தூக்கிக் காட்டுவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். மணியடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மீன் மாட்டுனா தூண்டில் கீழதான வளையும்? மேல எப்படி வரும்?" குளத்தங்கரை ஊர்க்காரன் அவன். மீனைத் தூக்கும்போது மேலே வரும்தானே என்று ஏதோ சொன்னேன். அவன் உட்காரவில்லை. "நீங்க தூண்டில் போட்டிருக்கீங்களா ஐயா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இல்லை என்றேன். சரிங்கய்யா என்று உட்கார்ந்துவிட்டான். அந்தச் 'சரிங்கய்யா' என்னோடு சங்கரன்கோவிலிலிருந்து கடையநல்லூர் வரை பேருந்தில் வந்தது.

எங்கள் வீடு தலைமுறைகளாக மரக்கறி உண்ணும் வீடு. மீன் என்பது எனக்குப் பாண்டியன் கொடியில் இருப்பது, நெய்தல் திணையின் கருப்பொருளாக வருவது, சூது என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் சூதாடியின் வெற்றிக்கு உவமை காட்டும்போது தூண்டிலின் உலோகத்தை விழுங்குவது. குளத்தில் வாழ்வது என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

அந்தக் கோடை விடுமுறையில் இன்னொன்று நடந்தது. முதற்பகுதித் தமிழை என்னிடம் படித்த கணினித்துறை மாணவர் ஒருவர், இப்போது அமெரிக்காவின் லாஸ் வேகஸில் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புல் பூண்டற்ற செம்பழுப்புப் பாறைகள். அவற்றின் அடியில், நீர் இறங்கிப்போன உயரத்தைக் காட்டும் வெள்ளைப் பட்டை. அதற்கும் கீழே நீலநீர். கையில் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு வெள்ளிநிற மீன். அதன் உடலில் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், நோட்டுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல. "சார், இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டிருந்தார். அங்கே ஸ்ட்ரைப்ட் பாஸ் என்கிறார்களாம். தமிழில் பெயர் இருக்க வாய்ப்பில்லை, வரிமீன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

அவர் விடவில்லை. அந்த மீனின் கதையைச் சொல்லத் தொடங்கினார்; நானும் தேடிப் படித்தேன். அது உண்மையில் கடல்மீன். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் ஆறுகளில் எதிரேறி வருவது. 1879இல் சிறிய மீன்களைத் தொட்டிகளில் நிரப்பி, ரயிலில் ஏற்றிக் கண்டத்தைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் 1940களில் தென் கரோலினாவில் ஓர் அணை கட்டியபோது, ஆற்றில் ஏறி வந்தவை கடலுக்குத் திரும்ப வழியின்றி நீர்த்தேக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டன. செத்துவிடும் என்று பார்த்தால் பெருகின. உப்பு இல்லாமலும் இந்த மீன் வாழும் என்று மனிதனுக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. பிறகென்ன, கொலராடோ ஆற்றின் பாலைநிலத் தேக்கங்களில், 1969இல் மீட் ஏரியிலும் 1974இல் பவல் ஏரியிலும் கொண்டுவிட்டார்கள். அதன் முட்டைகள் ஓடும் நீரில் மிதந்தபடியே பொரிக்க வேண்டியவை. தேங்கிய நீரில் அடியில் அமிழ்ந்து அழிந்துவிடும், ஆகவே அங்கே தானாகப் பெருகாது என்பது கணக்கு. மீன் அந்தக் கணக்கைப் படித்திருக்கவில்லை. இரண்டு ஏரிகளிலும் இன்று அதுதான் கூட்டங்கூட்டமாகத் திரிகிறது.

தூண்டில் தொடங்கிய விதத்தையும் அவர் எழுதினார். பெரிய வித்தை ஒன்றுமில்லையாம். கடையில் உறையவைத்த நெத்திலி பை பையாகக் கிடைக்கிறது. அதைத் துண்டு போட்டு முள்ளில் கோத்து, சிறிய ஈயக்குண்டோடு ஆழத்தில் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியது. மிச்சத் துண்டுகளைச் சுற்றிலும் எறிந்தால் கூட்டம் நிற்கும். விடியலில், சிறுமீன் கூட்டத்தை இவை மேலே விரட்டும்போது ஏரி கொதிப்பதுபோல் இருக்கும். அப்போது தூரத்தில் நின்று எறிய வேண்டும். நெத்திலியை நினைத்துத்தான் நான் சிரித்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கருவாடாக எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் அதன் இனம், அங்கே நெவாடா பாலையில், கடலை மறந்துபோன ஒரு மீனுக்குக் கடலின் மணத்தைக் காட்டிக் கூப்பிடுகிறது.

பாலையில் நெய்தல் மீன். இதற்குத் தொல்காப்பியத்தில் இடம் உண்டா என்று யோசித்தேன். உண்டு. பூவும் புள்ளும் தத்தமக்கு உரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராமல் வேறிடத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்று பொருளதிகாரம் வழிசெய்து வைத்திருக்கிறது. மீனை அங்கே அவர் சொல்லவில்லைதான். சொல்லாததைச் சேர்த்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு உரையாசிரியர்கள் நிறையவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இதை அவருக்கு எழுதியபோது நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு, "அப்ப நானும் இந்த ஊர்க்காரன்தானா சார்?" என்று வந்தது. நான் பதில் எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவரையேனும் வளைகுடாவுக்கு அனுப்பிவைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதற்கு என்ன எழுதுவது?

அதற்கு அடுத்த வாரம்தான் பாயிடம் போனேன்.

பாய் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. முப்பது ஆண்டுகள் தறிக்குழியில் உட்கார்ந்தவர். மகன்கள் இருவரும் சவூதியில். தறி நின்றபிறகு அவருக்குத் தூண்டில்தான் தொழில்போல. எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். "சார், வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. தெரியாது என்றேன். "தெரியாம ஒண்ணும் சொல்லித் தரமாட்டேன், பாத்துக்கிடுங்க."

அம்மாவிடம் சொன்னேன். "எய்யா, ஒனக்கு என்ன கொறச்சல்?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அன்று பேசவில்லை. மறுநாள், "எதையும் வீட்டுக்குக் கொண்டுவராத. கொல்லையிலேயே குளிச்சிட்டு உள்ள வா" என்றார். அனுமதி என்று அதை எடுத்துக்கொண்டேன்.

முதல் பாடம் முடிச்சு. அறுந்த இழையை ஓடும் தறியில் முடிந்து பழகிய விரல்களுக்கு முள் கட்டுவது எம்மாத்திரம்? பாய் நரம்பை நாக்கில் ஈரப்படுத்தி, ஐந்து முறை சுற்றி, வாயால் இழுத்து முடித்துவிடுவார். எனக்கு நான்கு நாட்கள் ஆயின. கம்பு கல்மூங்கில், உள்ளே பொள்ளல் இல்லாதது, நுனியில் பென்சில் கனம். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டில் ஒரு துண்டு. இரைக்கு வாய்க்காலோரத்து மண்புழு, அல்லது கோதுமை மாவில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த உருண்டை. சுருள் வைத்த கடைக் கம்பு வாங்கலாமா என்றதற்கு, "மொதல்ல கையால ஒரு மீன் பிடிங்க" என்றார். ஒரு மாதம் ஊர்க்குளத்தில் பழகிவிட்டு அதன்பின் அணைப்பக்கம் போவது என்று திட்டம்.

கடையநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சொக்கம்பட்டிப் பக்கம் கருப்பாநதி அணை. 72 அடி. இரண்டு மழையும் எட்டிப்பார்க்கிற இடம். ஆனி ஆடியில் மலைக்கு அப்பாலிருந்து சாரல்; ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நான் வேலை பார்க்கும் சங்கரன்கோவில் பக்கமோ கரிசல். மானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் குறிஞ்சி முல்லையாகி மருதமாகிப் பாலையின் வாசலைத் தொட்டுவிடும். கோடையில் தேக்கமும் அப்படித்தான். நீர் இறங்க இறங்கப் பாறைகள் வெளிவரும். அவற்றின் மேல் காய்ந்த சேற்றின் வெள்ளைக்கோடு. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து பாலை ஆகும் என்று இளங்கோவடிகள் சொன்னதை வைகாசி மாதத்து அணைக்குள் நின்று பார்க்கலாம். மாணவர் அனுப்பிய படத்துக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

அணையில் மீன் குத்தகைக்கு உரியது. நினைத்தவர் நினைத்தபடி பிடிக்க முடியாது. குத்தகைக்காரரின் ஆளைப் பார்த்துப் பாய்தான் பேசினார். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் அவர்கள் குஞ்சு வாங்கி விட்டு வளர்ப்பவை. தூண்டிலில் வந்தால் எடைக்குப் பணம், அல்லது திரும்ப நீரில். ஜிலேபியும் கெளுத்தியும் எங்கள் பாடு. அணைச்சுவர்ப் பக்கமோ மேற்கே காட்டுப் பக்கமோ போகக் கூடாது. சரி என்றோம்.

ஊர்க்காரர்கள் கண்ணாடிக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை என்று கெண்டையின் உறவாக ஆக்கிக்கொண்ட இவை ஒன்றும் இந்த ஊர் மீன்கள் அல்ல என்பதை அப்போதுதான் அறிந்தேன். கட்லாவும் ரோகுவும் கங்கை வெளியின் ஆற்றுமீன்கள். வெள்ளம் வரும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் வளரும், ஆனால் பெருகாது. ஒருகாலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளை அள்ளித்தான் ஊர் ஊராக அனுப்பினார்கள். 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவில், ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தி, ஆறில்லாமலே கெண்டையினத்தை முட்டையிட வைத்தார். அதன்பிறகுதான் தமிழ்நாட்டுக் குளங்களிலெல்லாம் கங்கை மீன் பரவியது. ஜிலேபி இன்னும் தொலைவு, ஆப்பிரிக்கா. திலேப்பியா என்று 1952இல் இந்தியாவுக்கு வந்தது. பிற மீன்களுக்கு இடம் விடாமல் பெருகுகிறது என்று சில ஆண்டுகளிலேயே அதற்குத் தடை போட்டார்கள். தடை தாளில் இருந்தது; மீன் குளத்தில் இருந்தது. அயிரையும் ஆரலும் குறைந்துபோனதற்கு இதன் பங்கும் உண்டு என்று பாய் சொல்வார். எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தோடுதான் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் மலிவான மீன்குழம்பு கொதிக்கிறது.

இடையில் ஓர் அரிய செய்தி: சென்னை மாகாண சிவில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் என்பவர் 'த ராட் இன் இந்தியா' என்று 1873இலும், குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாக 1887இலும் ஆங்கிலத்தில் நூல் எழுதியிருக்கிறார். தமிழில் அப்படி ஒரு தூண்டில் நூலை நான் கண்டதில்லை. நம் ஊரில் அந்த அறிவெல்லாம் பாய் போன்றவர்களின் விரல் நுனியில் இருக்கிறது. இலக்கணத்தை எழுதிவைத்த நாம் தூண்டிலை எழுதவில்லை.

மூன்றாவது வாரம். தண்ணீர் முழங்கால் அளவேயுள்ள ஓரம். மிதப்பு ஆடாமல், ஒருபக்கமாக நகர்ந்தது. இழுத்தேன். கையகல ஜிலேபி ஒன்று துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. என் முதல் மீன். கூச்சல் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். முள்ளை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்: முள் வாயில் மாட்டவில்லை, செவுளோரத்தில் வெளியே தைத்திருந்தது. மீன் வாயைத் திறந்தது. வாயிலிருந்து எள்ளளவு குஞ்சுகள், இருபது முப்பது இருக்கும், ஈரமணலில் விழுந்து நெளிந்தன.

பாய் ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் மணலோடு குஞ்சுகளை அள்ளித் தண்ணீரில் விட்டார். நான் மீனைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். "விடுங்க சார், விடுங்க" என்று அதட்டினார். விட்டேன். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும் இனம் அது. காக்கிறவள் தாய். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்கமாட்டாள். அதனால்தான் முள் வாயில் இல்லை. இரையைத் தொட வரவில்லை, வழியில் வந்திருக்கிறாள்.

அன்று கொல்லையில் வெகுநேரம் குளித்தேன். இரவு அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் கழித்து, "வாயில பிள்ளையள வச்சிருந்தா அவளுக்குப் பசிக்காதா?" என்று கேட்டார். தெரியவில்லை அம்மா என்றேன். தன் மூன்று பிள்ளைகளுள் ஒருவனைப் பத்து வயதில் இழந்தவர் அவர். நாங்கள் அதைப்பற்றி வீட்டில் பேசுவதில்லை. என் அண்ணன் குளத்துக்குத்தான் போனான் என்பதையும், மரக்கறி மட்டுமே எங்கள் வீட்டில் மீனைப்பற்றிப் பேசாததற்குக் காரணமில்லை என்பதையும் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

ஒன்றரை மாதம் போகவில்லை. பாயும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாதான், "பாய் தனியாவா போறாரு?" என்றார். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பை எடுத்தேன்.

அது மழைக்குப் பிந்திய கார்த்திகை. தேக்கம் நிறைந்து, நீர் கலங்கி, காற்று இல்லாத மாலை. எதிர்ப்பக்கத் தோப்பில் வெடி வெடித்தார்கள். யானை இறங்கியிருக்கும் என்றார் பாய். வடகரையிலிருந்து சொக்கம்பட்டிவரை மலையோரத் தென்னைக்கும் மாவுக்கும் அதுதான் பெரும்பாடு. கவண் போய் வெடி வந்திருக்கிறது, யானை அதேதான்.

இருட்டும் முன் கடைசி உருண்டையைப் போட்டேன். மிதப்பு ஒருமுறை படுத்து, எழுந்து, பிறகு இல்லாமல் போயிற்று. கம்பு வளைந்தது. வளைந்தது என்று எழுதுவது போதாது. நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. எதிர்முனையில் உள்ளது மேலே வரவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு கனம், கீழ்நோக்கி. என் தோள்வரை அதை உணர்ந்தேன். "கட்லா. பெருசு. விட்டுக் குடுங்க, விட்டுக் குடுங்க" என்று பாய் கத்தினார். சுருள் இல்லாத கம்பில் எதை விட்டுக்கொடுப்பது? இரண்டடி தண்ணீருக்குள் இறங்கினேன். மூச்சுப் பத்து எண்ணியிருக்கலாம். நரம்பு அறுந்தது.

கம்பு விர்ரென்று மேலே எழுந்தது. என் தலைக்குமேல் போய், பின்னுக்குச் சாய்ந்து, முன்னுக்கு வந்து, நுனி நடுங்கி நின்றது.

பாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைத் தூக்கும்போதும் தூண்டில் மேலெழும்தான். ஆனால் அது கனத்தோடு எழும், வளைந்தபடியே எழும். யானை விட்ட மூங்கில்போல் எழுவது இப்படித்தான், பிடித்திருந்தது போன பிறகுதான். அந்தத் தூண்டிலில் மீன் இல்லை. மீன் உள்ள தூண்டில் என்றே இத்தனை ஆண்டுகள் கையை வளைத்து வளைத்துக் காட்டியிருக்கிறேன். தலைவியின் நலம் போன இடத்துக்குத்தான் அந்த மீனும் போயிருக்கிறது; இங்கே நிற்பது கம்பும் அதன் நடுக்கமும் மட்டும். உரை வேறு சொல்லலாம். சொற்பொருளில் நான் தவறுகிறேன் என்று இலக்கணம் தெரிந்த நண்பர்கள் இங்கே எழுதலாம். எழுத வேண்டும் என்றே விரும்புகிறேன். என் தோளுக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அடுத்த பருவத்தில் அந்தப் பாடல் வந்தபோது மேசைமேல் கையை வளைக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. குறிப்பெடுக்கவும் இல்லை, தேர்வுக்கு வராது என்று நினைத்திருப்பார்கள்.

கேள்வி கேட்ட மாணவன் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருந்தான். இந்தத் தை மாதம் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை என்றான். அவனுக்கு ஒரு பதில் கடன்பட்டிருந்தேன் அல்லவா, நின்றபடியே முழுவதையும் சொன்னேன். யானை, மூங்கில், கட்லா, அறுந்த நரம்பு. கவனமாகக் கேட்டான். பேருந்து கிளம்பும்போது ஏறிக்கொண்டே, "நரம்பு பழசா இருந்திருக்கும் ஐயா. வெயில்ல கெடந்தா இத்துரும். வருசத்துக்கு ஒருதடவ மாத்திருங்க" என்றான்.